பத்து நாளில் ஏழு நாடு - யாருக்காக இந்த ஓட்டம்?

பொங்கல் முடிஞ்சாப் போதும், இங்கே அகமதாபாத்தில் பேப்பரைப் பிரிச்சா ஐரோப்பாதான் கொட்டுது. பத்து நாள், ஏழு நாடு, சுத்த சைவம், கூடவே சமையல்காரர். மணிநகர் பக்கம் இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்களும் குஜராத்தி பக்கத்து வீட்டைப் பார்த்துட்டு வரிசையில் நிக்க ஆரம்பிச்சாச்சு. யார் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டாலும் சரி, சொல்லிடறேன் மக்களே: இது ஊர் பார்க்கிற வழி இல்லை. ஊர்ப் பெயரை எண்ணுற வழி. அதைக் கடன் வாங்கிச் செய்யறது அதைவிடக் கொடுமை.

முதல்ல கணக்கு. (பி.காம். படிச்சுட்டு பேங்கில் கடன் ஃபைல் பார்க்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்ப்பீங்க?)

ரெண்டு பேருக்கு ஆறு லட்சம்னு வச்சுக்குவோம். 14 சதவீத வட்டிக்கு, மூணு வருஷத் தவணையில் பர்சனல் லோன் போட்டா மாசம் சுமார் ரூ. 20,500. மூணு வருஷத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ. 1,38,000. பத்து நாள் பார்த்ததுக்கு முப்பத்தாறு மாசம் கட்டணும். வீட்டுக் கடன்னா வீடாவது மிஞ்சும். இதில் மிஞ்சறது பீசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற போட்டோ ஒண்ணு.

எங்க பேங்க் ஆட்களும் சளைச்சவங்க இல்லை. லீவு பயணச் சலுகையில் டில்லியில் கிளம்பி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்திட்டு டில்லிக்கே திரும்பின கதை ஒண்ணு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்த வரிச் சலுகை கிடையாது, இந்தியாவுக்குள்ளே குறுக்கு வழியில் போற கட்டணத்துக்குத்தான்னு 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தாச்சு. அதனால "ஆபீஸ் காசுதானே"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க.

அடுத்து, அந்த வழவழா புத்தகத்தைக் கடன் பத்திரம் படிக்கிற மாதிரி ஒரு தடவை படிங்க. "காணலாம்"னு போட்டிருந்தா பஸ் ஜன்னல் வழியா. "போட்டோ ஸ்டாப்"னா பத்துப் பதினைந்து நிமிஷம் இறக்கி விடுவாங்க. "ஆப்ஷனல்"னா அங்கே போய்த் தனியாக் காசு கட்டணும். "பாரிஸ் ஹோட்டல்"னு இருந்தா ஹோட்டல் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கி மேப்பில் பாருங்க. நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தா, சாப்பிட்டுட்டுக் காலாற நடந்து வர ஒரு தெருகூட இருக்காது.

இப்போ பஸ் கணக்கு. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் 500 கி.மீ. அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் லுசர்ன் 800-க்கு மேல். லுசர்னிலிருந்து வெனிஸ் 500. வெனிஸிலிருந்து ரோம் 500-க்குக் கொஞ்சம் கூட. ஆக மொத்தம் 2,300-க்குக் குறையாது. சராசரி 75 கி.மீ. வேகம் வச்சாலும் முப்பது மணி நேரம். ஏறக்குறைய இங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னை சென்ட்ரல் போய் இறங்கற நேரம்! அதோட, நாலரை மணி நேரம் ஓட்டினா டிரைவர் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும்னு ஐரோப்பாவில் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனா அந்த 45 நிமிஷத்தை நீங்க கழிக்கிறது பெட்ரோல் பங்க் கடையில்.

எங்க குடியிருப்பில் ஒரு மாமி போய் வந்தாங்க. ரிட்டயர் ஆன மாமாவோட பணம், மகன் போட்ட கடன் ரெண்டும் சேர்ந்து. எது பிடிச்சது மாமின்னு கேட்டேன். "காலங்காத்தால பெட்டியை வாசல்ல வைக்கணும்னு பயந்துண்டே தூங்கினதுதான்பா ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்ரூமுக்குச் சில்லறை தேடினது"ன்னாங்க. வாழ்நாளில் ஒரே தடவை போறவங்க அவங்க. இனிமே முட்டி ஒத்துழைக்காது. இதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. பெத்தவங்களுக்கு உலகத்தைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் பஸ் சீட்டைக் காட்டிட்டு வர்றோம்.

உடனே கேப்பீங்க: "வயசானவங்களை வச்சுக்கிட்டுத் தனியாப் போக முடியுமா? சாப்பாடு? பாஷை? விசா?"

முடியும். நாங்க போனோம். நான், தங்கமணி, பொண்ணு, எழுபது வயசு அம்மா. ரோம் அஞ்சு ராத்திரி, சுவிட்சர்லாந்தில் லவுட்டர்புருன்னன் நாலு ராத்திரி. ரெண்டே ஊர். ரெண்டு இடத்திலும் சமையலறையோட வீடு வாடகைக்கு. சின்ன குக்கர், அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய் கையோட. தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்குது. அப்புறம் என்ன பிரச்சினை?

அம்மாவுக்குக் கால் வலிச்ச அன்னிக்கு வீட்டிலேயே இருந்தாங்க. பேக்கேஜில் அது நடக்குமா? மறுநாள் ரோமில் பாந்தியன் போனோம். ஏறக்குறைய 1,900 வருஷக் கட்டடம், கூரை நடுவில் வட்டமாப் பெரிய திறப்பு. அண்ணாந்து பார்த்துட்டு, "மழை பெஞ்சா என்னடா பண்ணுவான்?"னு அம்மா கேட்டாங்க. அப்புறம்தான் குனிஞ்சு பார்த்தோம். தரையை லேசா வாட்டமா வச்சு, தண்ணி இறங்கச் சின்னச் சின்னத் துளை போட்டிருக்கான். "நம்ம வீட்டு முற்றம் மாதிரி"ன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பதினைந்து நிமிஷ போட்டோ ஸ்டாப்பில் இந்தக் கேள்வி வர்றதுக்கே நேரம் இருக்காது. ஊர் பார்க்கிறதுன்னு நான் சொல்றது இதைத்தான்.

சரி, திட்டினது போதும், உருப்படியா நாலு விஷயம்:

பாரிஸ்: லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மோனலிசா 77 செ.மீ.க்கு 53 செ.மீ., அவ்வளவுதான், கூட்டத்தில் நீங்க பார்க்கப் போறது முன்னாடி நிக்கிறவன் செல்போனை. அதுக்காக மட்டும் போகாதீங்க. ஈஃபில் கோபுரம் ஏறலேன்னா குறை ஒண்ணுமில்லை, ட்ரொக்கடேரோ மேட்டிலிருந்து இலவசமாவே அழகு. சாக்ரே-கேர் கோவில் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வர்றவன்கிட்ட கையை நீட்டாதீங்க, கட்டிட்டுக் காசு பிடுங்குவான்.

சுவிட்சர்லாந்து: யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். முழு டிக்கெட் 200 ஃபிராங்குக்கு மேல். மேகம் மூடினா வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். மேலே கேமரா வச்சு இணையத்தில் நேரடியாக் காட்டறாங்க. காலையில் அதைப் பார்த்துட்டு அப்புறம் டிக்கெட் வாங்குங்க. பேக்கேஜ்காரனுக்குத் தேதி முன்னாடியே முடிவானது, மேகத்துக்கு அது தெரியாது. மேலே போகலேன்னாலும் கீழே லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் அருவி பார்த்துக்கிட்டே நடக்கக் காசே கிடையாது.

வெனிஸ்: பகலில் மட்டும் வந்து போறவங்களுக்கு 2024-லிருந்து நெரிசல் நாள்களில் நுழைவுக் கட்டணம் போட்டுட்டாங்க. ஊருக்குள்ளே தங்கறவங்களுக்கு அது இல்லை. பகல் கூட்டம் கிளம்பினதுக்கு அப்புறம்தான் அந்த ஊருக்கே உயிர் வருது. போனா ஒரு ராத்திரி தங்குங்க, இல்லேன்னா விட்டுடுங்க.

ரோம்: தெருவுக்குத் தெரு குடிதண்ணீர்க் குழாய் ஓடிக்கிட்டே இருக்கும், பாட்டிலுக்குக் காசு அழாதீங்க. சான் பியெத்ரோ பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முட்டியும் மூடியிருக்கணும். (புடவைக்குப் பிரச்சினையே இல்லை!)

காசு விஷயம்: கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, யூரோவிலான்னு மிஷின் கேக்கும். கண்ணை மூடிக்கிட்டு யூரோன்னு அழுத்துங்க. ரூபாய்னா அவன் வச்சதுதான் விலை. உங்க கார்டுக்கு வெளிநாட்டு மார்க்கப் எத்தனை சதவீதம்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க, பல கார்டில் 3.5 வரை போகும், அதுக்கு மேல் ஜிஎஸ்டி. பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க (சாஃப்ட்வேர் கம்பெனி இல்லை சாமி, வரி). 2020 அக்டோபரில் வந்தது, விகிதம் அப்பப்போ மாறும். அது உங்க பணம், வருமான வரிக் கணக்கில் மறக்காமக் கழிச்சுக்கங்க. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. அதனால ரத்து பண்ணினா எவ்வளவு திருப்பித் தருவான்னு எழுத்தில் வாங்காம அட்வான்ஸ் கட்டாதீங்க.

ஐரோப்பா எட்டாதுங்கறவங்களுக்கு: சிங்கப்பூரில் ராத்திரி சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி இலவசம். பாங்காக்கில் "இன்னிக்கு அரண்மனை மூடியாச்சு, வேற இடம் காட்டறேன்"னு ஆட்டோக்காரன் சொன்னா நம்பாதீங்க, நேரா நகைக்கடையில் கொண்டு விடுவான்.

சத்தியமாத் தனியாப் போக முடியாதவங்க இருக்காங்க, ஒத்துக்கறேன். அவங்க பேக்கேஜே எடுங்க. ஆனா ஒரே நாடு, அதிகபட்சம் ரெண்டு நாடு மட்டும் காட்டறதா எடுங்க. நாலு பேர் அப்படிக் கேட்டா அவனும் போட ஆரம்பிப்பான். ஏழு நாடு கேட்டா ஏழுதான் விப்பான்.

நம்மை மாதிரி வெளியூரில் குப்பை கொட்டறவங்களுக்கு இருக்கிறதே வருஷத்துக்கு ஒரு நீண்ட லீவு. ஊரில் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டிய அந்த லீவை எடுத்துத்தான் இதுக்குக் கொடுக்கறோம். கொடுத்த நாளுக்கு ஒரு ஊரையாவது ஒழுங்காப் பார்த்துட்டு வாங்க. இந்த வருஷம் கையில் காசு இல்லையா, மாசாமாசம் ரெக்கரிங் டெபாசிட் போட்டு ரெண்டு வருஷம் கழிச்சுப் போங்க. ரோம் எங்கேயும் ஓடிடாது.

டிஸ்கி: கடன் கொடுக்கிறதுதான் என் பிழைப்பு. இதைப் படிச்சுட்டு யாரும் எங்க மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க :-)