காற்றுக்கும் கணக்கு வேண்டும்: எலக்ட்ரிக் சைக்கிள் ஓட்டுவோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: எலக்ட்ரிக் சைக்கிள் தயாரிப்பாளர்கள், விற்பனைக் கடைக்காரர்கள், பெட்ரோல் பங்க் நடத்துவோர், எடையளவுத் துறை அதிகாரிகள், வீடு தேடிப் பொருள் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள்.

மோட்டார் பைக் வாங்கினால் செயின் கவரிலோ அதன் அருகிலோ பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு இவ்வளவு காற்று, பின் டயருக்குத் தனியாகப் போனால் இவ்வளவு, பின்னால் ஆள் ஏறினால் இவ்வளவு. எங்கள் வண்டிக்கு அது கிடையாது. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகம் என்பதால் சட்டம் இதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். சலுகை நல்லதுதான். ஆனால் ஸ்டிக்கரும் அதோடு போய்விட்டது.

எங்களுக்கு மிஞ்சியிருப்பது டயரின் பக்கவாட்டில் கறுப்பின் மேல் கறுப்பாகப் பொறித்திருக்கும் எண். 40–65 பி.எஸ்.ஐ. என்று இருக்கும், டார்ச் அடித்துத்தான் படிக்க முடியும். அது அந்த டயர் தாங்கும் எல்லை. ஓட்டுகிறவர் 50 கிலோவா 90 கிலோவா, கேரியரில் அரிசி மூட்டையா காய்கறிப் பையா என்பது டயர் செய்தவருக்கு எப்படித் தெரியும்?

எனவே எங்கள் முதல் கோரிக்கை, மற்றவற்றையெல்லாம் விடப் பெரியது: ஒவ்வொரு எலக்ட்ரிக் சைக்கிளின் ஃபிரேமிலும் எடைவாரியாகக் காற்றளவு அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண் வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து இந்த வண்டியே 20 கிலோவைத் தாண்டுகிறது. மோட்டார் பெரும்பாலும் பின்சக்கர ஹப்பில். ஓட்டுகிறவரின் எடையிலும் பாதிக்கு மேல் பின்னால்தான் இறங்குகிறது. இரண்டு டயருக்கும் ஒரே அளவு என்பது கணக்குக்கே பொருந்தாது.

ஸ்டிக்கர் வரும்வரை எங்களுக்குள் புழங்கும் அளவை இங்கே பதிகிறோம். கம்பெனிகள் இதைத் திருத்தினால் மகிழ்ச்சி. இரண்டு அங்குல அகல டயர், ஓட்டுபவர் 65–70 கிலோ என்றால் முன்னால் 40, பின்னால் 45 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். 90 கிலோ ஆளுக்கோ கேரியரில் சுமை ஏற்றினாலோ பின்னால் 50 வரை போகலாம். நாலு அங்குலத் தடி டயருக்கு இந்தக் கணக்கு ஆகாது; அதற்குப் பெரும்பாலும் 15–20 போதும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று குறைத்தால் ஈர ரோட்டில் பிடிப்பு கூடும். எதைச் செய்தாலும் டயரில் பொறித்த மேல் எல்லையைத் தாண்டக் கூடாது, கீழ் எல்லைக்குக் கீழே இறங்கவும் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? காற்று குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒருபக்கம் உருவி ஒட்டிவிடுவார்கள். டியூபையே மாற்ற வேண்டும் என்றால்தான் சிக்கல். மோட்டார் கேபிளைக் கழற்ற வேண்டும், அச்சு நட்டை இளக்க வேண்டும், வாஷரை இருந்தபடியே திரும்பப் போட வேண்டும். பாதிக் கடைகளில் வயரைப் பார்த்ததுமே, "இதெல்லாம் கம்பெனிக்கே கொண்டுபோங்க சார்" என்றுவிடுகிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அந்த வேலையைத் தெருமுனைக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பது விற்றவர் பொறுப்பு என்கிறோம். காற்று கூடிப்போனாலும் நல்லதல்ல: ஒவ்வொரு குழியும் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் நேராக வந்து சேரும், ஸ்போக்கும் அடி வாங்கும்.

விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். எத்தனை கிலோ ஆளை ஏற்றி, டயரில் எவ்வளவு காற்று வைத்து ஓட்டிய தூரம் அது? அதையும் பக்கத்திலேயே போடுங்கள். தொய்ந்த டயரை இழுக்க மோட்டார் கூடுதலாகத் திணறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வாடிக்கையாளரோ பேட்டரியைச் சந்தேகப்பட்டுச் சர்வீஸ் சென்டருக்கு அலைகிறார்.

பெட்ரோல் பங்க்குகளுக்கு வருகிறோம். அங்கே காற்று இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. சைக்கிள் என்றதும் முகம் சுளிக்கக் கூடாது. கார் டயரை நிரப்பும் அதே வேகத்தில் எங்கள் டயரில் அடித்தால், டியூபின் கொள்ளளவு சிறிது என்பதால் கண் இமைப்பதற்குள் எல்லை தாண்டிவிடும். விட்டு விட்டு அடித்து, நடுவில் அளவு பார்க்க வேண்டும். அளவுமானி ஒரு பங்க்கில் 40 காட்டுகிறது, அடுத்த பங்க்கில் அதே டயருக்கு 33 காட்டுகிறது. தராசைச் சோதித்து முத்திரை வைக்கும் எடையளவுத் துறை, காற்று அளவுமானியையும் முறையாகச் சோதித்து, சோதித்த தேதியை அதன் மேல் ஒட்ட வேண்டும். சில மானிகள் பி.எஸ்.ஐ.யிலும் சில பாரிலும் காட்டுவதால் ஸ்டிக்கரில் இரண்டும் இருக்கட்டும்: 40 பி.எஸ்.ஐ. என்றால் ஏறத்தாழ 2.8 பார்.

டெலிவரி நிறுவனங்கள், தாங்கள் வாடகைக்கு ஏற்பாடு செய்துதரும் வண்டிகள் நிற்கும் இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்றை வைக்க வேண்டும். ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் டியூபில் காற்று இறங்கும். வாரம் ஒருமுறை பார்ப்பதற்குரிய நேரத்தைப் பையன்களின் வேலை நேரத்திலேயே சேர்க்க வேண்டும்.

கடைசியாக வாரண்டி. ரிம் வளைந்தது, ஸ்போக் அறுந்தது என்று வண்டியைக் கொண்டுபோனால், "காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. எவ்வளவு வைக்க வேண்டும் என்று வாங்கும்போது எழுத்தில் கொடுக்காத நிறுவனம், அந்தக் காரணத்தைச் சொல்லி வாரண்டியை மறுக்கக் கூடாது. ஸ்டிக்கர் இல்லாமல் விற்ற வண்டிகள் அனைத்துக்கும் இது பொருந்த வேண்டும். ஏற்கனவே விற்ற வண்டிகளுக்கும்தான்.