1729 போதும், 6746328388800-க்கு வாங்க

டிசம்பர் 22 வந்தா நம்ம டிபார்ட்மென்ட் குரூப்ல என்ன ஃபார்வர்ட் வரும்னு உங்களுக்கே தெரியும். ஹார்டி, டாக்சி, 1729. கூடவே நாமகிரித் தாயார் கனவுல வந்து ஃபார்முலா சொன்ன கதை. நல்ல கதைகள்தான். ஆனா இந்தக் கதைகளை மட்டும் சொல்லிச் சொல்லியே ராமானுஜனை நாம ஒரு சாமிப் படமா மாட்டி வச்சுட்டோம்னு நினைக்கிறேன். சாமின்னா கும்பிட்டா போதும், கணக்குப் போட வேண்டாம் பாருங்க!

அவர் திருவல்லிக்கேணில குடியிருந்தவர். திருமயிலையில பறக்கும் ரயில் ஏறினா மூணாவது ஸ்டேஷன். துறைமுகத்துல கிளார்க் வேலை பார்த்தவர். லண்டன்ல 1915-ல வெளியான அவரோட ஒரு நீளமான பேப்பர் 'ஹைலி காம்போசிட்' எண்களைப் பத்தினது. தனக்குக் கீழே இருக்கிற எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் இருந்தா, அது அந்த வகை. 12-க்கு 6 வகுஎண், 60-க்கு 12. பன்னிரண்டு முறுக்கை ரெண்டு, மூணு, நாலு, ஆறு பேருக்கு உடைக்காம பங்கு போடலாம். பத்தை அப்படி முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பேப்பர்ல 102 எண்கள் கொண்ட ஒரு அட்டவணை இருக்கு. கடைசி எண் 6746328388800. அதாவது 6.7 லட்சம் கோடிக்கு மேல. வகுஎண்கள் 10080. இதை 1-லேருந்து ஒவ்வொண்ணா லூப் போட்டுத் தேடினா உங்க லேப்டாப் ஃபேன் கதறும். அவர்கிட்ட லேப்டாப்பே கிடையாது. அவர் என்ன செஞ்சார்னா, இப்படிப்பட்ட எண்ணைப் பகாக் காரணிகளாப் பிரிச்சா 2, 3, 5, 7-னு ஒண்ணும் விடாம வரணும், அடுக்குகள் ஏறவே கூடாது, 4-ஐயும் 36-ஐயும் தவிர எல்லாத்துலயும் கடைசி அடுக்கு 1-ஆத்தான் இருக்கும்னு நிரூபிச்சார். நம்ம எண்ணைப் பிரிச்சுப் பாருங்க: 2-லேருந்து 23 வரைக்கும் ஒன்பது பகா எண்கள், அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இந்த விதிகளை கோட்ல போட்டா தேடல் சில நொடில முடிஞ்சிடும். 'தியரம் எதுக்கு, கோடிங் தெரிஞ்சா போதும்'னு பிளேஸ்மென்ட் சீசன்ல பேசுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. அந்த அட்டவணைல ஒரு எண் விட்டுப்போச்சு: 293318625600. வகுஎண்கள் 5040. அதை 23-ஆல பெருக்கிப் பாருங்க, அட்டவணையோட அந்தக் கடைசி எண்ணே வரும்! இதைச் சொன்னா அவருக்கு அவமரியாதைன்னு சிலர் கோபப்படுறாங்க. எனக்கு அப்படித் தோணலை. சாமி சொன்னதை யாரும் சரிபார்க்க மாட்டாங்க. கையால கணக்குப் போட்ட மனுஷன் எழுதினதைத்தான் சரிபார்க்க முடியும்.

அதனால கோடிங் கிளப்புக்கு ஒரு வேண்டுகோள். வர்ற டிசம்பர் 22-க்கு அதே பழைய க்விஸ் வேண்டாம். விட்டுப்போன அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற புரோகிராமைப் போட்டியா வைங்க. ஃபர்ஸ்ட் இயர் பசங்களும் எழுதலாம், பத்து இருபது வரிதான் வரும்.