புனிதரின் சாதி வால்

காலை ரயில் வேப்பம்பட்டில் நின்று புறப்படுகிறது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகும் தோழர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். புனிதர் ஒருவர் பெயர் தாங்கிய பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களில் முருகனைக் கும்பிடுகிறவர் இருக்கிறார். பள்ளிவாசலுக்குப் போகிறவர் இருக்கிறார். எந்தச் சாமியும் வேண்டாம் என்பவரும் இருக்கிறார். "சாமியார் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் வரும்" என்கிறார் ஒருவர். "ஜெபம் சொல்ல வைத்தே மதம் மாற்றிவிடுவார்கள்" என்கிறார் அடுத்தவர். ஆவடி வந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது.

அடங்க விடக் கூடாத பேச்சு இது, தோழர்களே!

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சிறுபான்மையோர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு தருகிறது. அது யாரும் போட்ட பிச்சையல்ல. அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளை ஞானோபதேசம் படிக்கட்டும். மற்றப் பிள்ளை அதே நேரத்தில் நல்லொழுக்கப் பாடம் படிக்கட்டும். இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடக்கக் கூடியவையே. மதமாற்றம் என்று கூச்சலிட்டுப் பள்ளி வாசலில் பகை விதைக்க வருகிறவர்களுக்கு நாம் இடங்கொடுக்க முடியாது.

நிற்க. நம் கேள்வி வேறு. புனிதர் கதை சொல்லுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எந்தக் கதையைச் சொல்லுகிறீர்கள்?

குமரி மண்ணின் நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லா மனிதரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்சாதியாரின் வெறுப்பைக் கிளப்பியது என்று வாடிகனே குறித்திருக்கிறது. 1749இல் சிறை; 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு! 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பொதுநிலையினர் ஒருவர் அந்தப் பீடம் ஏறியது அதுவே முதல் தடவை.

அதற்கு முன் வாடிகன் ஏட்டில் அவர் "தேவசகாயம் பிள்ளை". சமத்துவம் பேசி மாண்டவருக்குச் சாதிப் பட்டமா என்று எதிர்ப்பு எழுந்தது. ரோம் செவிசாய்த்தது. வால் அறுந்தது. புனிதரானவர் வெறும் தேவசகாயம்!

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னால் நடந்தது என்ன? 19ஆம் நூற்றாண்டில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டாகப் பிரித்துக் கோயில் கட்டினார்கள். ஒரு கால் ஒரு சாதிக்கு; மறு கால் மற்றச் சாதிகளுக்கு. 1910இல்தான் தடுப்பு இடிந்தது. இடித்ததை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள்; போய்த் தோற்றார்கள். நோய் அதோடு தீர்ந்துவிட்டதா? 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். அற்புதத்தை மட்டும் சொன்னால் பிள்ளை கைகூப்பும். சுவர் இடிந்த கதையைச் சொன்னால் பிள்ளை நிமிரும்!

இன்னொரு புனிதர், சூசையப்பர். தச்சர். மே முதல் நாளை அவருடைய தொழிலாளர் திருநாளாக 1955இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். மே தினத்தைப் பொதுவுடைமையாளர் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. இருக்கட்டும். உளி பிடித்த கைக்குப் பீடம் கிடைத்ததே, அதில் நமக்கென்ன நட்டம்? ஆனால் அந்தத் தச்சரின் படத்துக்கு மாலை போடும் பள்ளி எதுவாயினும், அதனிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. வகுப்பறையைக் கூட்டும் ஆயாம்மாவுக்கு என்ன சம்பளம்? இரவெல்லாம் வாசலில் விழித்திருக்கும் காவல்காரருக்கு விடுமுறை உண்டா? இதற்கு நேரான பதில் இல்லையேல், மாலை வாடும் முன்பே அந்தப் பக்தி வாடிவிடும்.

நல்ல காட்சியும் நம் கண்ணெதிரே உண்டு. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். கிராமப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிந்த விழா நடந்தது எங்கே? நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில்! 3,995 பள்ளிகள், 2 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26இல் நகர்ப்புறப் பள்ளிகளுக்கு அது வந்தபோது, விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். ஒரே வரிசையில் அமர்ந்து எல்லாப் பிள்ளைகளும் உண்டார்கள். உப்புமா யாரிடமும் சாதி கேட்கவில்லை, மதமும் கேட்கவில்லை. தேவசகாயம் சொன்னது இதைத்தானே!

ஆகவே, தோழர்களே, பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். ஒருநாள் கூலி போனாலும் போங்கள். பிள்ளையை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லையே என்று கேளுங்கள். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். கூட்டுகிறவரின் கூலியைக் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.

ரோமாபுரியே அறுத்தெறிந்த வாலை, நம் ஊர்ப் பள்ளியில் யாரும் ஒட்டவைக்க விடலாகாது!