சக்கரம் கொடுத்தவன்

மலைப் பாதை. ஓரத்திலே ஒரு கற்சுவர். சுவரின்மீது ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். அருகே அவனுடைய மிதிவண்டி. அதிலே முன் சக்கரம் இல்லை. அவன் கண்களிலே நீர். ஒருவர்பின் ஒருவராகப் பந்தய வீரர்கள் அவனைக் கடந்து விரைகின்றனர். அவனோ அசையவில்லை. எப்படி அசைவான்? ஏறிச் செல்ல வண்டி இல்லையே!

யார் இவன்? தோற்றவனா? அல்ல. தடுக்கி விழுந்தவனா? அதுவும் அல்ல. கொடுத்தவன்! தன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றித் தலைவனிடம் தந்துவிட்டு, தனக்கொரு சக்கரம் வருமா என்று காத்துக் கிடப்பவன்.

தோழர்களே! ஆண்டு 1934. இடம், பிரான்சு நாட்டின் தென் எல்லையிலே நிற்கும் பிரனீசு மலை. பந்தயம், டூர் டி பிரான்சு. இளைஞனின் பெயர் ரெனே வியெத்தோ, வயது 20. கான் நகரத்து ஓட்டலிலே லிப்ட் இயக்கிப் பிழைத்த ஏழைச் சிறுவன், ஆல்ப்சு மலையிலே அடுத்தடுத்து வென்று நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்தான். ஆனால் அவனுடைய அணித் தலைவர் அந்தோனின் மாஞ் மஞ்சள் சட்டை அணிந்திருந்தார். மொத்த நேரக் கணக்கிலே முதலிடத்தில் இருப்பவருக்கு உரியது அந்தச் சட்டை. மலை இறக்கத்திலே மாஞ்சின் சக்கரம் நொறுங்கிற்று. வியெத்தோ தன் சக்கரத்தைக் கொடுத்தான். சுவரிலே அமர்ந்து அழுதான். படக்கருவி அதைப் பிடித்தது. உலகம் அதைக் கண்டது.

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. மறுநாளும் மாஞ்சின் வண்டி பழுதாயிற்று. முன்னே சென்றுவிட்ட வியெத்தோ செய்தி அறிந்தான். திரும்பினான். இறங்கிய மலையிலே மீண்டும் ஏறினான். இம்முறை சக்கரத்தை அல்ல, வண்டியையே கொடுத்தான்! அவ்வாண்டு வெற்றி மாஞ்சுக்கு. வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம்.

“கொடுக்காமல் இருந்தாலும் அவன் வென்றிருக்க மாட்டான்” என்று கணக்குப் பார்ப்போர் கூறுவர். இருக்கலாம். கணக்கு அவர்களிடம் இருக்கட்டும். கண்ணீர் எவர் கணக்கிலே எழுதப்பட்டது என்பதே என் கேள்வி.

இந்தப் பந்தயம் ஒரு நாள் விளையாட்டன்று. மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவன் தலைவன். மற்ற எழுவர் அவனுக்காக ஓட்டுவோர். அவர்கள் முன்னே சென்று காற்றைக் கிழிப்பர்; பின்னே வருபவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பர். தலைவன் பின்தங்கினால் இவர்களும் பின்தங்கி, அவனை இழுத்துவந்து கூட்டத்திலே சேர்ப்பர். மலையடிவாரம் வரை உயிரைக் கொடுத்து ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வர். அதற்குமேல் தலைவன் பறப்பான். படமும் அவனுக்கே, பாட்டும் அவனுக்கே.

இவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘தொமெஸ்திக்’. வீட்டு வேலைக்காரன் என்று பொருள்! வைத்தவர் யார்? பந்தயத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆன்றி தெக்ராஞ்ச். 1911இல், பிறருக்கு உதவ முன்வந்த மொரீசு புரோக்கோ என்னும் வீரனை இழிவுபடுத்த அவர் வீசிய சொல் அது. புரோக்கோ வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னான். அடுத்த கட்டத்திலே மலைகளைத் தாண்டி முதல்வனாக வந்தான். பரிசு? வெளியேற்றம்!

அந்த தெக்ராஞ்ச் யார்? பத்திரிகை ஆசிரியர். 1903இல் தம்முடைய ‘லோத்தோ’ ஏட்டின் விற்பனையைப் பெருக்கவே இந்தப் பந்தயத்தைத் தொடங்கினார். விற்பனை பெருகிற்று, போட்டி ஏடு மறு ஆண்டே மடிந்தது. ஏடு அச்சானது மஞ்சள் தாளில். 1919இல் முதல்வனுக்குப் போர்த்திய சட்டையும் மஞ்சள். ஓடுபவன் வியர்வை, விற்பவன் வருவாய்!

விதிகளோ விலங்குகள். 1913இல் தூர்மலே மலையிலே யூசேன் கிறிஸ்தோப்பின் வண்டிக் கவை ஒடிந்தது. வண்டியைத் தோளில் சுமந்து 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையிலே தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். பிறர் உதவி கூடாதென்பது விதி. துருத்தியை ஒரு சிறுவன் ஊதினானாம்; அதற்கும் தண்டனை!

1924இல், முந்திய ஆண்டு வென்ற ஆன்றி பெலிசியே பந்தயத்தை விட்டே வெளியேறினார். ஏன்? காலைக் குளிருக்கு அணிந்த சட்டையை வெயிலிலே கழற்றி எறியக் கூடாதென்று விதி. எத்தனை சட்டை என்று எண்ணிப் பார்க்க அதிகாரி வந்துவிட்டார். பெலிசியே சகோதரர்கள் ஒரு காப்பிக் கடையிலே அமர்ந்து, ஆல்பேர் லோந்திர் என்னும் செய்தியாளரிடம் பையைத் திறந்து காட்டினர். கொக்கேயின், குளோரோபாரம், மாத்திரைகள்! வலியை மறக்க மருந்து, வண்டியை நகர்த்த மருந்து. சாலைக் கைதிகள் என்ற பெயர் அன்று முதல் அவர்களுக்கு நிலைத்தது.

கைதி என்றுமே கைதியாக இருப்பானா? 1978 சூலை 12 விடை சொல்லிற்று. ஒரே நாளில் இரண்டு கட்டங்கள், இரவு நெடும் பயணம், விடியுமுன் எழுப்புதல். பொறுத்தனர், பொறுத்தனர். வாலன்ஸ் தாசான் என்னும் ஊரின் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை விட்டு இறங்கினர். தள்ளிக்கொண்டு நடந்தே கோட்டைக் கடந்தனர். கூட்டம் கூச்சலிட்டது. முன்வரிசையிலே நின்றவர் 23 வயது பெர்னார் ஈனோ. அவ்வாண்டு மஞ்சள் சட்டையை வெல்லப் போகிறவர். அவரோடு, தண்ணீர் சுமப்பவனும் நடந்தான். அன்று அங்கே தலைவன் இல்லை, வேலைக்காரன் இல்லை, தொழிலாளர் இருந்தனர்! அந்தக் கட்டமே இரத்தாயிற்று.

தோழர்களே! நாடகம் எழுதுகிறவன் நான். கைதட்டல் அரசன் வேடத்துக்கு. திரை இழுப்பவன் முகத்தை எவரும் கண்டதில்லை. அவன் ஓர் இரவு கயிற்றை விட்டுவிட்டால் அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. மேடைக்குக் கால்கோள் நட்டவனும், நள்ளிரவிலே பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டியவனும் அப்படித்தான்.

ஆகவே, கொடுக்காதீர் என்று சொல்லவா வந்தேன்? இல்லை. கொடுங்கள்! சக்கரம் கொடுப்பவன் இல்லாத அணி கரை சேராது. ஆனால், தியாகம் என்ற சொல் கேட்பவன் வாய்க்கு எப்போதும் இனிக்கும். சுவரில் அமர்ந்திருப்பவன் கண்ணைப் பார்த்த பிறகும் அதைச் சொல்லத் துணிபவனுக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டு. முதல்வனுக்குக் கிடைக்கும் 5 இலட்சம் யூரோவை அணியினர் அனைவரோடும் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். பணத்தைப் பகிர்வது நன்று. பெயரையும் பகிர வேண்டாமா?

வியெத்தோ ஒருபோதும் அந்தப் பந்தயத்தை வெல்லவில்லை. 1939இல் இரண்டாம் இடம். 1947இல் பல நாள் மஞ்சள் சட்டை அணிந்தும் முடிவிலே பறிகொடுத்தான். என்றாலும் 1934இன் கதையைச் சொல்வோர் இன்றும் தொடங்குவது வென்றவரிடமிருந்து அன்று, அந்தக் கற்சுவரிலிருந்துதான்.

மஞ்சள் சட்டையைக் காணும்போதெல்லாம், அதை நெய்த கைகளைத் தேடுங்கள். நம்மிடையேயும் எங்கோ ஒரு சுவரின்மீது ஒருவன் அமர்ந்திருப்பான். கடந்து போய்விடாதீர்கள். இறங்குங்கள், அவனுக்கு ஒரு சக்கரம் கொடுங்கள்!