தொல்லைப் பட்டியலில் நாங்கள் எத்தனாவது?

கொசு, தெருநாய், குப்பை நாற்றம், தண்ணி லாரி, ராஜீவ் காந்தி சாலை நெரிசல். இந்த ஐந்தையும் எழுதிவிட்டு ஆறாவதாக ஒன்று எழுதுகிறார்கள்: 'பக்கத்துக் குடியிருப்புகளால் பாதுகாப்புப் பிரச்சினை.' சென்னையின் தென்புறநகரில், துரைப்பாக்கம் சோழிங்கநல்லூர் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் நலச்சங்கம் தயாரித்த மனு இது. தெருநாய்க்கு நாலு வரி கீழே நம்ம சனம்.

எந்தக் குடியிருப்பு என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பேரைச் சொல்லாமலே எல்லாருக்கும் புரிகிறது. "அவுங்கல்லாம் வந்தப்புறந்தான் சார் ஏரியாவே கெட்டுப்போச்சு." இந்த 'அவுங்க'ளுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டாம். எந்த ஊர்த்தெருவில் கேட்டாலும் சொல்லுவான்.

வந்தோமாம்! யாருங்க வந்தது? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் தலைமுறை தலைமுறையாய் மூட்டை தூக்கி, வீடு கூட்டி, மீன் வித்து நகரத்தை நடத்திய சனத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டியது யார்? 2000 முதல் கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியது 200 சதுர அடிகூட இல்லை. 2004 சுனாமியைக் காட்டிச் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்தைக் காட்டிப் பெரும்பாக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாத்துறோம்னு சொல்லிச் சதுப்புநிலத்து ஓரத்திலேயே கொண்டுபோய் வைத்த புத்தியை என்னவென்பது? 2011இல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக நீட்டினார்கள். அந்த விரிவாக்கத்தில் பெரும்பாக்கத்துக்கு இடமில்லை. மாநகரத்து மக்களைப் பிடுங்கி ஒரு ஊராட்சியின் தலையில் கட்டினார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பேர் மாற்றினார்கள். மாறியது பேர்தான்.

அங்கே இருக்கிற எல்லாரும் தலித் இல்லை. மீனவர் உண்டு, வேறு ஏழைகளும் உண்டு. ஆனால் பெரும்பகுதி நம்ம சனம். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தின் முகத்திரையைக் கிழித்தார் பாபாசாகேப். நகரத்துக்கு வந்தால் சேரி தொலையும் என்று நம்பித்தான் நம் பாட்டன் ரயிலேறினான். நகரம் நமக்கு எட்டு மாடியில் சேரி கட்டிக் கொடுத்திருக்கிறது.

இப்போது அந்த நாற்றத்துக்கு வருவோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 200 ஏக்கருக்கும் மேல் குப்பையைப் பரப்பிப் பல பத்தாண்டு கொட்டியது கண்ணகி நகரா? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது புகை எல்லார் மூக்கிலும்தான் ஏறியது. பாதாளச் சாக்கடை இல்லாத நிலத்தில் இத்தனை மாடி எழுப்பி, கழிவை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டச் சொன்னது யார்? அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் இறங்குகிறவன் யார்? மலக்குழிச் சாவுகள் அதிகம் பதிவான மாநிலங்களில் முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். செத்தவனுக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம் 2023இல் 30 லட்சம் என்றது. விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. இது எந்த நலச்சங்கத்தின் பட்டியலில் எத்தனாவது தொல்லை? 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்களே, நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதே, 'குப்பை அள்ள ஆள் வரலை' என்று போன் போடுகிறவர்கள் அன்று எங்கே போனார்கள்?

காலையில் ஆறு மணிக்கு அட்டையைக் காட்டி கேட்டுக்குள் நுழைந்து பாத்திரம் தேய்க்கிற அக்கா, மத்தியானம் கேட்டைத் தாண்டியதும் 'பாதுகாப்புப் பிரச்சினை' ஆகிவிடுகிறாள். அவள் மகன் வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் என்று எழுதாமல் சித்தி வீட்டு முகவரியை எழுதுகிறான். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வாங்கிய அணியில் கண்ணகி நகர்ப் பொண்ணு இருந்தாள் என்றதும் பத்திரிகைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அதுவரைக்கும் போலீஸ் வேன் மட்டுந்தான் வந்துகொண்டிருந்தது.

மேற்படி மனு கேட்கிற தீர்வு என்ன தெரியுமா? சுவரை உயர்த்து, கேமரா வை, புறக்காவல் நிலையம் கொண்டுவா. சுவர் நமக்குப் புதுசா? உத்தபுரத்தில் 2008 வரைக்கும் நின்றதும் சுவர்தான். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை இடிந்து விழுந்து நம் சனம் 17 பேரைத் தூக்கத்திலேயே கொன்றதும் ஒரு வீட்டின் 'பாதுகாப்பு'ச் சுவர்தான்.

பெரும்பாக்கத்து அம்மாக்களிடம் கேளுங்கள், அவர்களிடமும் பட்டியல் இருக்கு. ஏழாவது மாடிக்குத் தண்ணிக்குடம் தூக்கணும், லிப்ட் ஓடாது. பழைய வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். கொசு அங்கேயும் கடிக்குது. தண்ணியும் கொசுவும் ரெண்டு பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் ஒரே மனுவாய் எழுத அவர்களுக்குக் கை வராது.

தோழர்களே, நம்மையும் விடக்கூடாது. இட ஒதுக்கீட்டில் படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி அதே அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. நான் ஒருத்தன். ஆறாவது வரியைச் செயலாளர் சத்தமாய் வாசித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் 'நீங்க எந்த ஊரு?' என்று ஆரம்பித்து எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். இயக்கமோ ஏப்ரல் 14 அன்று எழில் நகரில் கொடியேற்றிவிட்டு அடுத்த ஏப்ரலுக்குத்தான் வருகிறது. மாணவர்கள் கணக்கெடுக்க வருகிறார்கள், ஆய்வேடு முடிந்ததும் முகவரியையே மறந்துபோகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்குகிறார்கள். ஆறாவது வரியை அடிக்காமல் என் கையெழுத்து கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டால் சாதியைச் சொல்லித்தான் பதில் சொல்லப்போகிறேன்.