தேர்வு முடியும்வரை ஊர் கொஞ்சம் தணிந்து பேசட்டும்



மார்ச் பிறந்தால் பிளஸ் டூ, அதையொட்டியே பத்தாம் வகுப்பு. பங்குனித் திருவிழாக்களும் இதே நாட்களில்தான். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. மைக் செட்டை மட்டும் இரவு 10 மணிக்கு அணைத்துவிடுங்கள் என்று விழாக் குழுவினரை வேண்டுகிறோம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இயற்பியல் படித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் விதியைச் சொல்லவே தேவையிருக்காது.

மைக் செட்டைவிட உரக்கக் கேட்பது நம் பேச்சு. "எவ்வளவு வரும்? ஐந்நூறு தாண்டுமா? உன் அக்கா அப்பவே எவ்வளவு எடுத்தா தெரியுமா?" அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையைத் தெருமுனையிலிருந்து வீடுவரை நாலு பேர் இப்படிக் கேட்டால், அது மறுநாள் பாடத்தை எந்த மனதோடு திறக்கும்? மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டது. நாமும் கைவிடலாம். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், போதும்.

"நாங்க படிக்கல, பிள்ளைக்கு எப்படி உதவ?" என்று பல தாய்மார்கள் எங்களிடம் வருந்துகிறார்கள். வருந்த வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே, பிள்ளை ஒரு பாடத்தை முடித்ததும், "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு" என்று எதிரே உட்காருங்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் இதைச் செய்யலாம். பாட்டிக்கு விளங்குமாறு சொல்ல முயலும்போதே எங்கே தடுமாறுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தடுமாறிய இடத்தை மட்டும் திரும்பப் படிக்கட்டும். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். தடுமாறி நினைவுக்குக் கொண்டுவருவதுதான் பாடத்தை மனதில் ஊன்றுகிறது.

நள்ளிரவுவரை விழிக்கவைத்து, நாலு மணிக்கே எழுப்பிவிடாதீர்கள். படித்தது மனதில் படியத் தூக்கம் வேண்டும்.

தேர்வுக் கூடத்தில் முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்கவே தரப்படுகிறது. பதற்றப்படும் பிள்ளையிடம், அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்கும், யாரோடும் பேசாத, "நான் இருந்து என்ன பயன்" என்று சொல்லும் பிள்ளையை ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள். நடிப்பு என்று தள்ளாதீர்கள். 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் வராவிட்டாலும் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்க வழியுண்டு. இதை முடிவு வந்தபின் அல்ல, இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தொட்டிலுக்கும் நடுவே படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மாடியிலோ திண்ணையிலோ ஒரு விளக்கும் மின்விசிறியும் தர முடிந்தவர்கள், மாலை 6 முதல் 9 வரை அவர்களுக்கு இடம் கொடுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் உங்கள் பெயரைச் சொல்லிவையுங்கள். பிள்ளைகளை அழைத்துவந்து திரும்ப வீட்டில் விடும் பொறுப்பு எங்களுடையது.

இவண்,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்