ஈயம் போனால் யந்திரமும் போக வேண்டுமா?

பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு டிரெடில் அச்சு யந்திரம், மை உருளைகள் வற்றி வெடித்து, சக்கரம் தனியே கழன்று கிடக்க, கிலோ என்ன விலைக்குப் போகுமோ என்று தராசின் தயவை எதிர்பார்த்து நிற்கும் காட்சியைக் கண்டு பழகிவிட்டவர்கள், ஈய எழுத்தின் காலம் முடிந்த பிறகு அதைத் தாங்கிய யந்திரத்துக்கு மட்டும் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பது சகஜமே. ஆனால் இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். தேய்ந்து போனது எழுத்து, யந்திரம் அல்ல. எழுத்து வார்க்கும் பட்டறைகள் மூடின, எழுத்துப் பெட்டியாகிய கேஸில் கை வைத்தவுடன் எழுத்து விரலில் ஏறும் கம்போஸிட்டர்கள் அருகினர், ஆப்செட் வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டது; யந்திரமோ எண்ணெய் விட்டால் இன்னும் ஓடத் தயாராக இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈயம் அல்ல, ஈயத்தின் உயரத்தில் மேடிட்டு நிற்கும் ஒரு பரப்பு மட்டுமே. அந்தப் பரப்பைத்தான் போட்டோபாலிமர் தகடு தருகிறது.

பத்திரிகைப் படங்களுக்கு முன்னாளில் 'பிளாக்' செய்த விதத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும். துத்தநாகத் தகட்டில் ஒளி பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, நெகடிவ் வழியாக ஆர்க் விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, பிறகு நைட்ரிக் அமிலத்தில் அரிக்கவிட்டு, அமிலம் கோட்டின் பக்கவாட்டில் புகுந்து அடியை அறுத்துவிடாமல் இருக்க, 'டிராகன் பிளட்' என்று பயங்கரமான பெயர் பூண்ட ஒரு சிவந்த பிசின் பொடியை நான்கு திசையிலிருந்தும் தூரிகையால் தள்ளிச் சூடு காட்டி, மறுபடியும் அமிலத்தில் இறக்கி, புகையைச் சுவாசித்து இருமிக்கொண்டே செய்த தொழில் அது. அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி 1950-களில் 'டைக்ரில்' என்ற போட்டோபாலிமர் தகட்டை உருவாக்கியபோது அமிலத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அதைக் கழுவக் காரக் கரைசல் வேண்டியிருந்தது. இன்று சிறு அச்சகத்துக்குக் கிடைக்கும் தகடுகள் பலவற்றுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

இத்தகடுகளில் எஃகு அல்லது பாலியெஸ்டர் அடித்தளத்தின் மேல் ஒட்டியிருக்கும் பிசின், புற ஊதாக் கிரணம் படும் வரையில் நீரில் கரையும். பட்ட இடத்தில் அதன் சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகி, கரையாத கெட்டிப் பொருளாகும். எனவே எழுத்து மட்டும் தெளிந்து மற்ற இடமெல்லாம் கறுத்திருக்கும் நெகடிவைத் தகட்டின் மேல் வைத்து, இடையில் காற்று தங்காதபடி வெற்றிட உறை கொண்டு அழுத்தி, 365 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும் குழல் விளக்கின் கீழ்ச் சில நிமிஷம் காட்டி, மெல்லிய தூரிகையால் நீரில் தேய்த்துக் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, நெகடிவ் இல்லாமல் மறுமுறை ஒளி காட்டினால் தகடு தயார். அதை உலோகப் பீடத்தில் ஒட்டி மொத்த உயரத்தை 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால், டிரெடிலுக்கு அது ஈயமா பிசினா என்று பேதம் தெரியாது.

சொல்வதற்கு எளிது, தமிழ் எழுத்து வந்தவுடன் காரியம் சிக்கலாகிவிடுகிறது. நம் புள்ளி, பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு கோடுமின்றித் தனியே நிற்கும் நுண்ணிய தூண். ஒளி ஒரு நிமிஷம் குறைந்தால், அடிவரை இறுகாத அந்தத் தூண் தூரிகையோடு போய்விட, மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, 'கல்' என்பது 'கல' என்று அச்சாகும். பயந்து ஒளியைக் கூட்டினாலோ, கிரணம் பக்கவாட்டில் பரவி, ணகரத்தின் சுழிகளை அடைத்து, மூன்று கண்ணையும் குருடாக்கும். ஆகவே படிப்படியாகக் கருமை ஏறும் சோதனைப் பட்டையை வைத்துத் தன் விளக்குக்கும் தன் தகட்டுக்கும் உரிய நேரத்தை முதலில் கண்டுபிடிக்காமல் இத்தொழிலில் இறங்குகிறவர், தகட்டைச் சாக்கடையில் போடுகிறார்.

ஒரு லாபத்தையும் சொல்ல வேண்டும். ஈயத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் கேஸில் ஓர் அறை வேண்டும். பெரியார் 1935-இல் குடி அரசில் கையாளத் தொடங்கி, தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் நியாயங்களில் அச்சுக்கோப்பின் சௌகரியமும் ஒன்று. நெகடிவுக்கு அந்தக் கணக்கு இல்லை. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும் அதற்குச் சம்மதமே. பழைய வரிவடிவம் திரும்ப வர வேண்டும் என்பவன் அல்லன் நான். ஆயினும் ஒரு பழைய நூலை அதன் முகத்தோடேயே மறுபதிப்பிட விரும்புகிறவருக்கு இனிச் சாக்கில்லை.

ஆக்ஷேபங்களும் உண்டு. ஈயத்தில் ஒரு லகரம் ளகரமாகிவிட்டால் இடுக்கியால் பிடுங்கி மாற்றலாம். தகட்டில் ஓரெழுத்துப் பிழைக்கும் புதுத் தகடுதான் செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் பிரித்துக் கேஸில் போட்டு மறுநாள் வேறு செய்திக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. கையுறையின்றி ஈரப் பிசினைத் தொடுவதும், விளக்கை வெறுங்கண்ணால் பார்ப்பதும் கேடு. விளக்கும் வெற்றிட உறையும் வாங்கச் சிறு அச்சகத்தால் இயலாது என்பதே எல்லாவற்றிலும் பெரிய தடை. அதற்குப் பரிகாரம், ஊருக்கு ஒரு பொதுத் தகடு நிலையம் அமைத்து, அச்சகத்தார் கூட்டாக நடத்துவதும், அச்சுத் தொழில் கற்பிக்கும் கலாசாலைகள் பழைய டிரெடில்களைக் கண்காட்சிப் பொருளாக்காமல் மாணவர் கையில் ஒப்படைப்பதுமே.

கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் இருக்கும் வரையில் வேலைக்கும் பஞ்சமில்லை, ருசிதான் தலைகீழாகிவிட்டது. பழைய மெஷின்மேன் அட்டையைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவி, எழுத்தின் தடம் தட்டுப்பட்டால், ஈயம் தேய்ந்துவிடுமே என்று முகம் சுளித்து அழுத்தத்தைக் குறைப்பார். இன்று பத்திரிகை அடிக்க வருகிறவர் அதே பின்புறத்தைத் தடவிப் பார்த்து, தடம் போதவில்லை, இன்னும் அழுத்துங்கள் என்கிறார். தகடு தாங்குகிறது, மெஷின்மேன்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.